பெரிய காலிபர் ரிவால்வர்: எத்தனை அங்குலக் குழல் வேண்டும்?

முதன்முறையாக .44 மேக்னம் ரிவால்வர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வேகக் கணக்கைப் பார்த்துத்தான் குழல் நீளத்தை முடிவு செய்கிறார்கள். எட்டு அங்குலத்தில் குண்டு இவ்வளவு வேகமாகப் போகிறதாம், நான்கில் இவ்வளவுதானாம், ஆகவே எட்டு. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். துப்பாக்கியை உடம்பில் எங்கே மாட்டிக்கொண்டு நடக்கப் போகிறீர்கள் என்பதே முதல் கேள்வி. உங்கள் கண்ணுக்கும் கைக்கும் எது பொருந்துகிறது என்பது இரண்டாவது. வேகம் மூன்றாவதாக வந்தால் போதும். ஏன் என்பதைக் கீழே எண்களோடு பார்க்கலாம்.

இது .44 மேக்னம், .454 கசூல், .460, .500 ஸ்மித் அண்ட் வெஸன் போன்ற பெரிய தோட்டாக்களுக்கான ரிவால்வர்களைப் பற்றியது. உங்கள் நாட்டுச் சட்டத்தை எல்லாவற்றுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். உரிமம் மட்டுமல்ல, நீளமும் சட்டத்துக்குள் வரலாம். 105 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவாகவும் குழல் உள்ள கைத்துப்பாக்கிகளைக் கனடா தடை செய்யப்பட்ட வகையில் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் சில மாநிலங்கள் வேட்டைக்குக் கொண்டுபோகும் கைத்துப்பாக்கிக்குக் குறைந்தபட்சக் குழல் நீளம் விதித்திருக்கின்றன. வாங்கிய பிறகு இது தெரியவந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

எங்கிருந்து எதுவரை அளப்பது

ரிவால்வரில் குழல் நீளம் என்பது சிலிண்டரின் முன்முகத்திலிருந்து குழல்வாய் வரை. தோட்டா உட்காரும் அறை சிலிண்டருக்குள் இருப்பதால் கணக்கில் வராது. தானியங்கிக் கைத்துப்பாக்கியில், அதாவது பிஸ்டலில், அந்த அறையும் குழலின் பகுதி என்பதால் அதையும் சேர்த்து அளக்கிறார்கள். ஆகவே ஐந்து அங்குல பிஸ்டலையும் ஐந்து அங்குல ரிவால்வரையும் எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிடாதீர்கள். ரிவால்வரில் குண்டு ஓடும் தூரம் கூடுதல்.

இன்னொரு நுணுக்கம். குழல்வாயில் வாயுவை மேல்நோக்கி வெளியேற்றும் காம்பென்சேட்டர் பொருத்தி வரும் சில மாடல்களில், விளம்பரத்தில் சொல்லும் நீளம் அதையும் சேர்த்ததாக இருக்கும். குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளம் உள்ள பகுதி அதைவிடக் குறைவு. விற்பவரிடம் வரிப்பள்ளப் பகுதி மட்டும் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

சிலிண்டருக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி ஒன்று உண்டு. நல்ல நிலையில் உள்ள ரிவால்வரில் அது 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஒவ்வொரு வெடிப்பிலும் வாயுவில் ஒரு பங்கு அதன் வழியே பக்கவாட்டில் பீறிடுகிறது. நீளம் ஒன்றேயான, ஒரே மாடலைச் சேர்ந்த இரண்டு ரிவால்வர்கள் ஒரே பெட்டித் தோட்டாவில் வினாடிக்கு 50 அடி வேக வித்தியாசம் காட்டுவது சாதாரணம். இந்த இடைவெளியும் அறைகளின் நுண்ணளவுகளும் அதற்குக் காரணம். குழலில் ஓர் அங்குலம் கூட்டினால் கிடைக்கும் வேகமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

வேகம்: கிடைப்பது எவ்வளவு, அதனால் ஆவது என்ன

.44 மேக்னம் 1955-இல் வந்தது. அதன் வழக்கமான 240 கிரெய்ன் எடையுள்ள குண்டு நான்கு அங்குலக் குழலிலிருந்து வினாடிக்குச் சுமார் 1,200 அடி, ஆறில் 1,300-ஐ ஒட்டி, எட்டரையை நெருங்கினால் 1,400 பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். தோட்டாவுக்குத் தோட்டா இது மாறும். பொதுவாக அங்குலத்துக்கு 25 முதல் 50 அடி. முதல் சில அங்குலங்கள் அள்ளிக்கொடுக்கும். பிறகு வருவது ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் குறைவாகத் தரும், ஏனென்றால் குண்டு முன்னே போகப்போகப் பின்னாலிருக்கும் வாயுவின் அழுத்தம் விழுந்துகொண்டே வருகிறது.

இந்த வேகம் இலக்கில் என்ன செய்கிறது? 1,230 அடி வேகத்தில் போகும் குண்டையும் 1,350 அடி வேகத்தில் போகும் குண்டையும் 50 மீட்டர் தூரத்துக்குக் கணக்குப் போட்டால், முன்னது பின்னதைவிட இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே கூடுதலாக விழுகிறது. நூறு மீட்டரில் அந்த வித்தியாசம் ஏழு சென்டிமீட்டர் அளவுக்குப் போகும். கைத்துப்பாக்கியால் நூறு மீட்டரில் பொறுப்போடு சுடக்கூடியவர்கள் மிகக் குறைவு. புதிதாக வருகிறவருக்கு 25 மீட்டரும் 50 மீட்டரும்தான் உண்மையான தூரம்.

.460, .500 இரண்டுக்கும் கணக்கு வேறு. அவற்றின் கூடு, அதாவது வெடிமருந்தை அடக்கிக் குண்டைப் பிடித்திருக்கும் உலோகக் குப்பி, நீளமானது. .44 மேக்னத்தின் வெற்றுக்கூடு 32.6 மி.மீ., .500-இனுடையது 41 மி.மீ.க்குச் சற்று மேல், .460-இனுடையது ஏறத்தாழ 46 மி.மீ. உள்ளே மெதுவாக எரியும் வெடிமருந்து நிறைய இருக்கிறது. அது எரிந்து முடிய இடம் வேண்டும். .460-இன் இலகுவான குண்டுகள் வினாடிக்கு 2,000 அடியைத் தாண்டுவது நீளக் குழலில்தான். அதையே மூன்று அங்குலத்தில் சுட்டால், எரியாத மருந்தில் ஒரு பகுதி குழல்வாய்க்கு வெளியே தீப்பந்தாக வெடிக்கும். உதைப்பையும் சத்தத்தையும் முழுசாக வாங்கிக்கொண்டு வேகத்தில் பாதியை விட்டுவருவது போன்ற பேரம் அது.

தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட வேகத்தைப் படிக்கும்போது, எந்த நீளச் சோதனைக் குழலில் எடுத்த எண் என்று பாருங்கள். அந்த விவரம் இல்லாத எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடையே உள்ள தூரம்

நீளக் குழலின் பெரிய லாபம் இங்கேதான் இருக்கிறது. குறி பார்க்க உதவும் இரண்டு சைட்டுகளில், ரிவால்வரில் பின்சைட் சட்டகத்தின் மேல்பட்டையில் பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறது, முன்சைட் குழல்வாய்க்கு அருகே. ஆகவே இரண்டுக்கும் இடையே உள்ள தூரம், குழல் நீளத்தோடு இரண்டு அங்குலம் சேர்த்தது என்று தோராயமாகச் சொல்லலாம். நான்கு அங்குலத்துக்குச் சுமார் 150 மி.மீ. ஆறுக்கு 200 மி.மீ. எட்டு அங்குலத்துக்கு 250 மி.மீ.

முன்சைட் ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகி நிற்கிறது என்று வையுங்கள். 25 மீட்டரில் நான்கு அங்குலக் குழல் 167 மி.மீ. தள்ளிப் போடும். ஆறு அங்குலம் 125 மி.மீ. எட்டு அங்குலம் 100 மி.மீ. கணக்கு எளிது: இலக்கின் தூரத்தைச் சைட்டுகளின் இடைத்தூரத்தால் வகுத்து, பிழையால் பெருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் என்பது கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் பிழை. கண்ணுக்குத் தெரியாத 0.2 மி.மீ. கூட 50 மீட்டரில், நான்கு அங்குலக் குழலில் 67 மி.மீ. ஆகிறது, ஆறில் 50 மி.மீ. முந்தைய பகுதியில் பார்த்த வேக வித்தியாசம் இதே தூரத்தில் இரண்டு சென்டிமீட்டரைக்கூடத் தொடவில்லை. குழலை நீட்டுவதால் குறி கூர்மையாவது வேகத்தால் அல்ல, பார்வையால்.

நீளக் குழல் துப்பாக்கியைத் துல்லியமாக்குகிறது என்பது மட்டும் சரியல்ல. துப்பாக்கியைத் தாங்கியில் இறுகப் பிடித்துச் சுட்டால் நன்றாகச் செய்த நான்கு அங்குலக் குழலும் எட்டு அங்குலக் குழலும் ஒரே மாதிரி கூட்டமாகக் குண்டுகளை வைக்கும். மாறுவது சுடுகிறவரின் பிழை எவ்வளவு பெரிதாகிறது என்பதுதான். தொலைநோக்கி அல்லது சிவப்புப்புள்ளி சைட் பொருத்தினால் இந்த லாபம் முழுவதும் போய்விடும். அப்போது நீளம் வேகத்துக்கும் எடைக்கும் மட்டுமே.

நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு அருகிலுள்ள முன்சைட் மங்கலாகத் தெரியும். குழல் நீண்டால் முன்சைட் கண்ணிலிருந்து தள்ளிப் போகும், விளிம்பு கொஞ்சம் தெளியும். நான்கையும் ஆறையும் கையில் எடுத்து, கை நீட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

எடையும் உதைப்பும்

உதைப்பின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு நேர்மாறானது. ஒரே தோட்டா, ஒரே வேகம், 1.2 கிலோவுக்குப் பதில் 1.6 கிலோ என்றால் உதைப்பின் ஆற்றல் கால் பங்கு குறையும். அதனால்தான் பெரிய தோட்டாக்களுக்கான ரிவால்வர்கள் இவ்வளவு கனமாக இருக்கின்றன. எட்டரை அங்குலத்தை ஒட்டிய .500 இரண்டு கிலோவைத் தொடுகிறது.

ஒரே மாடலில் நான்கு அங்குலத்துக்கும் ஆறு அங்குலத்துக்கும் எடை வித்தியாசம் நூறு கிராம் அளவுதான். குட்டைக் குழலில் குண்டும் மெதுவாகப் போகிறது. கணக்குப் போட்டால் இரண்டின் உதைப்பு ஆற்றலும் ஏறத்தாழ ஒன்றாகவே வரும். ஆனால் கைக்கு அப்படித் தெரியாது. குழல்வாய்ப் பக்கம் கனமில்லாததால் குட்டை ரிவால்வர் சட்டென்று மேலே துள்ளும். தீப்பிழம்பும் அழுத்த அலையும் ஆறு அங்குலக் குழலைவிட இரண்டு அங்குலம் முகத்துக்கு நெருங்கி வெடிக்கும். புதியவர்களிடம் கண்ணை மூடிக்கொண்டு விசையைப் பிடுங்கும் பழக்கத்தை உண்டாக்குவது உதையைவிட இந்த வெடிப்புதான். ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அதைக் களைய மாதங்கள் ஆகும். முதல் பெரிய ரிவால்வருக்கு நான்கு அங்குலத்துக்குக் கீழே போக வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

காம்பென்சேட்டரும், குழலில் மேல்நோக்கித் துளையிடுவதும் துள்ளலைக் குறைக்கும். பதிலுக்குச் சத்தம் கூடும், இரவில் கண் கூசும். உறையில்லாத வெறும் ஈயக் குண்டை அவற்றில் சுட்டால் ஈயம் சுரண்டப்பட்டுத் துளைகளில் படியும். உற்பத்தியாளரின் கையேடு அனுமதிக்கும் குண்டை மட்டும் போடுங்கள்.

எங்கே மாட்டுவது

நான்கு அங்குல .44-இன் மொத்த நீளம் சுமார் 24 சென்டிமீட்டர். ஆறு அங்குலம் 30-ஐ நெருங்கும். ஏழரை அங்குலம் 33 ஆகும். எட்டரையை ஒட்டிய .500-க்கு 38. இந்த எண்கள் காகிதத்தில் சாதாரணமாகத் தோன்றும். இப்படிச் செய்து பாருங்கள்: கெட்டியான அட்டையில் அந்த மொத்த நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, இடுப்புப் பட்டையில் உறை இருக்கும் இடத்தில் செருகிக்கொண்டு அரை நாள் நடமாடுங்கள். உட்காருங்கள், குனியுங்கள், வண்டியில் ஏறி இறங்குங்கள், மேட்டில் ஏறுங்கள். அட்டை எங்கெல்லாம் தொடையில் குத்துகிறதோ, நாற்காலியில் இடிக்கிறதோ, அங்கெல்லாம் ஒன்றரைக் கிலோ எஃகும் இடிக்கும். பிறகு அதை உருவிப் பாருங்கள். எட்டு அங்குலத்தை இடுப்பிலிருந்து உருவ முழங்கை அக்குள் உயரத்துக்குப் போக வேண்டும். பலருக்கு அது முடியவே முடியாது.

இடுப்பு உறைக்கு நான்கிலிருந்து ஐந்தரை வரை வசதி. ஆறரை ஓரளவு. அதற்கு மேல் மார்பில் குறுக்காகக் கட்டும் உறைதான். தோளில் பையைச் சுமந்து நடக்கிறவர்களுக்கு மார்பு உறை எந்த நீளத்துக்கும் நல்லது, பையின் இடுப்புப்பட்டை அதன்மேல் ஏறாது. அறைந்த மாதிரி ஒரு உண்மை: சுமை என்று தோன்றும் துப்பாக்கி முகாமிலேயே கிடக்கும். கரடி நடமாடும் காட்டில் தற்காப்புக்காக வாங்கி, கூடாரத்தில் விட்டுப்போன எட்டு அங்குலத்தால் யாருக்கும் பயனில்லை.

குட்டைக் குழலில் மட்டும் வரும் இரண்டு தொல்லைகள்

சுட்ட கூடுகளை வெளியே தள்ளும் கோல் குழலின் அடியில் ஒளிந்திருக்கிறது. குழல் குட்டையானால் கோலும் குட்டை. மூன்று அங்குலத்தைச் சுற்றியுள்ள குழல்களில் அது நீண்ட மேக்னம் கூட்டை முழுவதுமாக வெளியே தள்ளாது. முக்கால்வாசி வந்து நிற்கும் கூடுகளை விரலால் பிடுங்க வேண்டியிருக்கும். வாங்கும்முன் வெற்றுக் கூடுகளைப் போட்டு, குழல்வாயை வானம் பார்க்க நிமிர்த்தி, கோலை ஒரே அழுத்தாக அழுத்திப் பாருங்கள். எல்லாம் விழ வேண்டும்.

இரண்டாவது ஆபத்தானது. எடை குறைந்த துப்பாக்கி வேகமாகப் பின்னோக்கிப் பாயும்போது, சிலிண்டரில் காத்திருக்கும் மற்ற தோட்டாக்களின் கூடு அதனோடு பின்னே வருகிறது, கனமான குண்டு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. குண்டு கூட்டிலிருந்து மெல்ல மெல்ல வெளியே நழுவும். முனை சிலிண்டரின் முன்முகத்தைத் தாண்டிவிட்டால் குழலில் முட்டி, சிலிண்டர் சுழலாது, துப்பாக்கி பூட்டிக்கொள்ளும். இதைச் சோதிக்க, ஆறு தோட்டாவின் மொத்த நீளத்தையும் வெர்னியர் காலிப்பரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தைச் சுட்டுவிட்டு ஆறாவதை எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நீண்டிருந்தால் அந்த வகைத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது.

எந்த வேலைக்கு எந்த நீளம்

காட்டில் இடுப்பில் மாட்டி, விலங்கிடமிருந்து தற்காத்துக்கொள்ள: .44 மேக்னத்தில் 4 முதல் 5.5 அங்குலம். இரண்டரை அங்குலத்தில் .454 கூடக் கிடைக்கிறது. ஏற்கெனவே பெரிய தோட்டாக்களில் ஆயிரக்கணக்கில் சுட்டுப் பழகியவர்களின் கருவி அது.

வேட்டைக்கு, திறந்த சைட்டோடு: 6 முதல் 7.5. தொலைநோக்கியோடு: 7.5-க்கு மேல். அப்போது உருவும் வேகம் பெரிய விஷயமில்லை, தாங்கிக்கொண்டு சுடும்போது முன்கனம் உதவி. கைத்துப்பாக்கிக்கென்று செய்த, கண்ணிலிருந்து தள்ளி நின்று பார்க்கும் தொலைநோக்கி வேண்டும். நீளத் துப்பாக்கிக்கானதை மாட்டினால் படம் தெரியாது.

.460, .500 இரண்டிலும் வேட்டை நோக்கம் என்றால் எட்டு அங்குலத்தை ஒட்டியதை எடுங்கள்.

இலக்குப் பயிற்சியும், எப்போதாவது காட்டுக்குக் கொண்டுபோவதும், ஒரே ஒரு துப்பாக்கியும் என்றால் .44 மேக்னத்தில் ஐந்தரை முதல் ஆறரை. இதில் தவறியவர்கள் குறைவு.

கடையில் கையில் எடுத்ததும்

விற்பவர் கண்முன்னே சிலிண்டரைத் திறந்து, எல்லா அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். பாதுகாப்பான திசையில் இரு கையால் நீட்டி, சைட்டுகளை ஒரு புள்ளியில் நிறுத்தி இருபது எண்ணுங்கள். பத்துக்குள் முன்சைட் தாழத் தொடங்கினால் அந்த முன்கனம் உங்கள் கைக்கு மிகை. கண்ணை மூடி நீட்டி, திறந்து பாருங்கள். முன்சைட் பின்சைட்டின் பள்ளத்துக்குள்ளோ அதன் அருகிலோ இருந்தால் கைப்பிடியும் நீளமும் ஒத்துப்போகின்றன.

ஃபீலர் கேஜ் தகடுகளால் சிலிண்டர் இடைவெளியை ஒவ்வோர் அறையிலும் பாருங்கள். 0.25 மி.மீ. தகடு உள்ளே போனால் அந்தத் துப்பாக்கியை வைத்துவிடுங்கள். அறைக்கு அறை அளவு மாறினாலும் அப்படியே. குழல்வாயின் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அங்கே ஒரு சிறு நசுங்கல் இருந்தாலும் குண்டு ஒருபக்கமாக விடுபடும்.

பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நீளமானதை வாங்கி வெட்டும் யோசனை வேண்டாம். முன்சைட்டை மறுபடி பொருத்த வேண்டும், குழல்வாயைப் புதிதாகக் கடைய வேண்டும், கோலின் முன்பூட்டு குழலடியில் இருந்தால் அதுவும் மாறும். சைட் உயரமும் வேறாக வேண்டும். ஒரு நேர்க்கோலை இரண்டு சைட்டுகளின் மேலும் வைத்துப் பார்த்தால் குழல் அதற்குக் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பது தெரியும். குண்டு குழலுக்குள் ஓடும் நேரத்திலேயே உதைப்பு குழல்வாயை உயர்த்திவிடும் என்பதைக் கணக்கிட்டு வைத்த சாய்வு அது. நீளம் மாறினால் அந்தக் கணக்கும் மாறும்.

முதல் நாள் சுடுதளத்தில்

.44 மேக்னத்தில் .44 ஸ்பெஷல் தோட்டாவைச் சுடலாம். .454-இல் .45 கோல்ட். .460-இல் .454 கசூல், .45 கோல்ட் இரண்டும். முதல் ஐம்பது தோட்டா இந்த மென்மையான வகையிலேயே போகட்டும். சுட்டு முடித்ததும் அறைகளை நன்றாகத் தேய்த்துத் துடையுங்கள். குட்டைக் கூடு முடியும் இடத்தில் கரி வளையமாகப் படியும், அதைத் துடைக்காமல் நீளத் தோட்டாவைப் போட்டால் இறுகிச் சிக்கிக்கொள்ளும்.

காதுக்குள் அடைப்பான், அதன்மேல் கவசம், இரண்டும். இந்தத் தோட்டாக்களின் வெடிச்சத்தம் 160 டெசிபலைத் தொடுகிறது, காதுக்கு உடனடி ஆபத்து என்ற 140-ஐ வெகுவாகத் தாண்டி. கூரை போட்ட, பக்கச் சுவர் உள்ள இடத்தில் குட்டைக் குழலைச் சுடுவது இன்னும் மோசம். கண்ணாடி கட்டாயம்.

துணைக்கையின் கட்டைவிரல் எந்தக் காரணத்தாலும் சிலிண்டரின் முன்முகத்துக்கு அருகே போகக்கூடாது. பிஸ்டல் பழக்கத்தில் கட்டைவிரலை முன்னே நீட்டுகிறவர்கள்தான் இங்கே காயப்படுகிறார்கள். அந்த மெல்லிய இடைவெளியிலிருந்து பீறிடும் வாயு .500-இல் விரலைக் கிழிக்கும் வலுவுள்ளது. நீளக் குழலைத் தாங்கியில் வைக்கும்போதும் இடைவெளிக்கு நேரே கையோ துணிப்பையோ வேண்டாம். சட்டகத்தின் அடிப்பகுதி தாங்கியில் இருக்கட்டும்.

முழு மேக்னத்துக்குப் போகும்போது சிலிண்டரில் ஒரே ஒரு தோட்டா. பிடி தளர்ந்தவர்களின் கையில் துப்பாக்கி துள்ளி, விரல் தன்னையறியாமல் விசையை மறுபடி இழுத்து, குழல்வாய் மேல்நோக்கி இருக்கும்போதே இரண்டாவது வெடித்த சம்பவங்கள் .500 போன்றவற்றில் நடந்திருக்கின்றன. ஒன்று மட்டும் போட்டிருந்தால் விரல் இழுத்தாலும் காலி அறைதான் வரும். பத்துப் பதினைந்து முறை ஒற்றைத் தோட்டாவாகச் சுட்டு, ஒவ்வொரு முறையும் முன்சைட் துள்ளி எழுவதையும் திரும்பி இறங்குவதையும் திறந்த கண்ணால் பார்க்க முடிந்த பிறகு இரண்டு போடுங்கள்.